யாருக்கும் கொடுக்காத மெஷின்

சிவப்பு வரி மறுபடியும் வந்து நின்றது. எழிலரசி அதைப் படிக்கக்கூட இல்லை. படித்துப் படித்து மனப்பாடமாகிவிட்ட வரி.

"வந்துச்சா?" என்று பக்கத்து மேசையிலிருந்து கேட்டார் சூரியபிரகாஷ். டீயை ஊதிக்கொண்டே கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துச்சுண்ணா. அதே எரர்தான்."

"எங்கயோ ஒரு ஸ்டெப்பை வுட்டிருப்ப. எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேர்ந்து பண்ணு."

மொதல்லேர்ந்து! இது எத்தனையாவது மொதல் என்று எழிலுக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர்கள் என்றால், ஆன் செய்ததும் உட்கார்ந்து தடதடவென்று தட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத் தயார் செய்ய வேண்டும். அது கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது மாதிரி. ஒன்றை ஏற்றினால், இன்னொன்று வந்தால்தான் நான் வருவேன் என்று முறுக்கிக்கொள்ளும். அதையும் ஏற்றினால், நீ ஏற்றியது புதுசு, எனக்குப் பழசுதான் வேண்டும் என்று முதலாவது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டையும் தாஜா செய்து உட்கார வைத்தால், எங்கிருந்தோ ஆன்டிவைரஸ் வந்து, மூன்றாவதாக வந்த ஒரு பாவப்பட்ட ஃபைலை வைரஸ் என்று சொல்லித் தூக்கி விழுங்கிவிடும். எழில் இதையெல்லாம் பார்த்துவிட்டாள். தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை இறங்கிவிட்டு அப்படியே நின்றுபோன டவுன்லோடைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். தன் பெயரை இடைவெளி விட்டு 'எழில் அரசி' என்று லேப்டாப்பில் கொடுத்துவிட்ட ஒரே குற்றத்துக்காக ஒரு வாரம் போயே போய்விட்டது. பெயரில் இடைவெளி இருந்தால் அந்தச் சனியனுக்குப் பிடிக்காதாம்.

ஆம்பூர் பைபாஸை ஒட்டியிருந்த ஷூ ஃபேக்டரி அது. கீழ்த்தளம் பூராவும் கட்டிங் ஹாலும் தையல் லைனும். மாடியில், ஏசி போட்ட சின்ன அறையில், இரண்டு மேசை. அதுதான் சாஃப்ட்வேர் ரூம். ஒவ்வொரு தோலும் எத்தனை சதுரடி, எந்த ஆர்டருக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு, கட்டிங் ஹாலுக்கு டிக்கெட் அடித்துக் கொடுக்கிற புரோகிராம் அங்கிருந்துதான் ஓடுகிறது. டிக்கெட் இல்லாமல் கீழே ஒரு தோல்மேலும் கத்தி இறங்காது. அந்தப் புரோகிராமை முதல் எழுத்திலிருந்து எழுதியவர் சூரியபிரகாஷ். அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஃபேக்டரிக்கே காய்ச்சல் வந்த மாதிரி. ஆகவே இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று ஜெனரல் மேனேஜர் ரஃபி அகமது ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலூரிலிருந்து இரண்டு இன்ஜினியரிங் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். புரோகிராமைத் தங்கள் லேப்டாப்பில் ஓட வைக்கவே முடியாமல் முழி பிதுங்கிப் போய்விட்டார்கள்.

மூன்றாவதாகத்தான் எழில்.

அவள் கீழே தையல் லைனில் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைத்துக்கொண்டிருந்தவள். ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போய்க்கொண்டே தபால் வழியில் பி.சி.ஏ. முடித்தாள். பஸ்ஸில் மற்றவர்கள் தூங்க, இவள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தாள். அது தெரிந்து ஒருநாள் சூரியபிரகாஷ் லைனுக்கே இறங்கி வந்தார். அவரும் ஒடுகத்தூர்க்காரர்தான். மெஷின்கள் போடும் இரைச்சலுக்கு நடுவில் நேராக அவளிடம் வந்து, "எழில், எழுந்து வா. ரஃபி சார்கிட்ட ஒனக்காகப் பேசிட்டேன். நாளையிலேர்ந்து நீ மேல" என்றார்.

லைனில் ஆளை மெஷின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தளத்தில் எல்லார் முன்னாலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அந்த ஒரு நிமிடத்தை எழில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். சிவப்பு வரி வரும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துப் பார்த்துக்கொள்வாள். இவ்வளவு நம்பி ஒருவர் கூட்டிவந்திருக்கிறார், அவர் முகத்தில் கரியைப் பூசிவிடக் கூடாதே என்று நினைப்பாள்.

நிபந்தனை ஒன்று இருந்தது. மூன்று மாதத்துக்குள் அந்தப் புரோகிராம் அவளுடைய லேப்டாப்பில் ஓட வேண்டும். ஒரு சின்னத் திருத்தத்தையும் செய்து ரஃபி சாரிடம் காட்ட வேண்டும். டிக்கெட்டில் தோலின் கலர் பெயர் பாதியோடு வெட்டுப்பட்டு அச்சாகிறது, அதைச் சரிசெய்தால் போதும். முடியவில்லை என்றால் பழையபடி லைனுக்கு. திருத்தத்தை எப்படிச் செய்வது என்று எழில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஓடாத புரோகிராமில் எதைத் திருத்தி எதைக் காட்டுவது? லைன் பெண்கள் கேக் வெட்டி அனுப்பி வைத்திருந்தார்கள். அம்மா செண்பகம், வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டே போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு மாடியில கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் திரும்பப் படியிறங்குவதை நினைத்தாலே எழிலுக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே அவள் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்ஜினியரிங் பையன்கள்கூட அதைச் செய்திருக்க மாட்டார்கள். ஷூ லைனிலிருந்து வந்தவளால்தான் அப்படி ஒரு தவறைச் செய்ய முடியும்.

லைனில் சீல் போட்ட சாம்பிள் என்று ஒன்று உண்டு. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் ஒரு ஷூவைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்துவிட்டால் அதுதான் வேதம். ஆயிரம் ஜோடி தைத்தாலும் அதிலிருந்து ஒரு தையல் விலகக் கூடாது. உன் ஷூ அதைப்போல வரவில்லை என்றால் தப்பு உன் கையில்தான், உன் ஊசியில்தான். சாம்பிளே தப்பாக இருக்குமோ என்று எந்தத் தையல்காரியும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். லேப்டாப்பை எப்படித் தயார் செய்வது என்று சூரியபிரகாஷ் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். இதை ஏற்று, அதை ஏற்று, பொது ஃபோல்டரில் இருக்கும் 'அளவு' என்பதை எடுத்து இந்த இடத்தில் வை, கடைசியில் ஓட்டு. 'அளவு' என்பது, தோல் அளக்கும் மெஷின் சொல்லும் சதுரடியைப் புரோகிராமுக்குப் புரிய வைக்கிற ஒரு சின்னத் துண்டு. அதுவும் அவர் எழுதியதே. எழிலுக்கு அந்தக் குறிப்புதான் சீல் போட்ட சாம்பிள். அது சரி. ஓடவில்லை என்றால் இவள் கைதான் சரியில்லை.

ஆகவே தன்னையே சந்தேகப்பட்டாள். லேப்டாப்பைத் துடைத்துப் போட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றினாள். ஓர் எழுத்து விடாமல் குறிப்பைப் பின்பற்றினாள். ஓடவில்லை. விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டே செய்தாள். ஓடவில்லை. சூரியபிரகாஷ் சில நாள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க, காட்டு" என்பார். இரண்டு தட்டு தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். "என்னுதுல ஓடுதே எழில். ஒன் கை பதறுது. பொறுமை கம்மி ஒனக்கு." வீட்டிலிருந்தே உதவி செய்ய வசதியாக இருக்கும் என்று, தொலைவிலிருந்து அவள் லேப்டாப்புக்குள் நுழைகிற ஒரு சாஃப்ட்வேரையும் போட்டுக் கொடுத்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு நல்ல மனுஷனா என்று.

இரண்டாவது மாதம் ஒருநாள் மனசு தாங்காமல் சாப்பாட்டு வேளையில் கீழே இறங்கி லைனுக்குப் போனாள். லைன் சூப்பர்வைசர் நசீமுன்னிசா டிபன் பாக்ஸைத் திறந்து பாதிச் சோற்றை இவள் பக்கம் தள்ளினாள்.

"இன்னா எழிலு, மூஞ்சி இப்டி கெடக்குது?"

"வரலக்கா. எது பண்ணாலும் வரல. எனக்குத் தலையில ஒண்ணும் ஏறல போல."

"பேஜாராவாத. வந்தா வருது, வரலன்னா இங்க இருக்கவே இருக்குது. அங்க பாரு." நசீமுன்னிசா கையைக் காட்டினாள். இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் எழிலின் பழைய மெஷின் காலியாக இருந்தது. ஸ்டூல்மேல் அவள் தைத்துப் போட்ட துணி மெத்தைகூட அப்படியே கிடந்தது. "ஆள் பத்தலன்னு நான் தலையால தண்ணி குடிக்கிறேன். இருந்தாலும் அதை யாருக்கும் குடுக்கல. சூரியா தம்பி சொல்லி வெச்சிருக்குது, எழில் மெஷினை யாருக்கும் குடுக்காதீங்கக்கான்னு."

எழில் எழுந்து போய் அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். தோற்றுப் போனாலும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று இதைக்கூட யோசித்து வைத்திருக்கிறாரே. கூடப் பிறந்தவன் செய்வானா இதை? அன்று மாலை சூரியபிரகாஷின் மேசைமேல் ஒரு பாக்கெட் மக்கன்பேடா ஸ்வீட் வாங்கிவந்து வைத்தாள். அவரும் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் முடிய ஒரே ஒரு நாள்தான் பாக்கி. சனிக்கிழமை காலையில் ரஃபி சார் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சூரியபிரகாஷ் லீவு. அரக்கோணத்தில் மாமியார் வீட்டில் மகளுக்குக் காது குத்து. "சனிக்கிழமை வந்து ரஃபி சார்கிட்ட நானே பேசறேன். நீ கவலைப்படாத, எழில் முயற்சி பண்ணா, பாவம் வரலன்னு பக்குவமா சொல்லிடறேன்" என்று போகும்போது தைரியம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் தலையாட்டினாள் இவள்.

வெள்ளிக்கிழமை காலை கரண்ட் போய் வந்தது. யூபிஎஸ் கைவிட்டுவிட்டது. கட்டிங் ஹாலிலிருந்து மேஸ்திரி கன்னியப்பன் போனில் கத்தினார்: "மேல யாருப்பா? டிக்கெட் வரல, ஆளுங்க சும்மா நிக்கறாங்க!" அவருக்கும் சொல்லிவிட்டார் போல, அடுத்த நிமிடமே சூரியபிரகாஷ் கூப்பிட்டுவிட்டார். பின்னால் மேளச் சத்தம்.

"எழில், என் சிஸ்டம் ஆஃப் ஆயிருக்கும். ஆன் பண்ணு. பாஸ்வேர்டு சொல்றேன். கருப்பு ஸ்கிரீன் வரும், அதுல மேல் அம்புக்குறியை ஒரு தபா அழுத்தி என்டர் தட்டு. அவ்ளோதான். வேற எதையும் தொடாத, சரியா?"

"சரிண்ணா."

அம்புக்குறியை அழுத்தினாள். என்டரைத் தட்டினாள். வரிகள் கடகடவென்று ஓடின. ஒவ்வொரு வரியும் அவளுக்கு அத்துப்படி. தன் லேப்டாப்பில் இதே வரிகள் எத்தனை தடவை ஓடிக் கடைசியில் சிவப்பில் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன! அதனால்தான் ஒரே ஒரு வரி மட்டும் கல்லாக இடறியது. 'அளவு' என்று வருகிற இடத்தில் அவளுடையதில் பதிப்பு எண் இரண்டு என்று இருக்கும். இங்கே நான்கு என்று இருந்தது. எடுக்கிற இடமும் பொது ஃபோல்டர் இல்லை. அவருடைய சொந்த ஃபோல்டர்.

சிவப்பு வரவில்லை. கீழே டிக்கெட் அச்சாகத் தொடங்கியது.

எழில் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேற எதையும் தொடாத. அண்ணன் சொன்னது காதிலேயே இருந்தது. அப்புறம் தன் பையிலிருந்து படிக்கிற காலத்துப் பென்டிரைவை எடுத்தாள். அந்த நான்காவது 'அளவை' அதில் எடுத்து, தன் லேப்டாப்பில் போட்டாள். ஓட்டினாள்.

புரோகிராம் திறந்துகொண்டது. நீலப் பட்டை, கம்பெனி பெயர், உள்ளே நுழைய இரண்டு கட்டம். மூன்று மாதமாக அவள் கனவில் வந்த முகப்பு. எழில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு கலர் பெயரை வெட்டுகிற அந்தப் பாழாய்ப்போன இடத்தைத் திருத்தி ஒரு டிக்கெட் அடித்துப் பார்த்தாள். பெயர் முழுசாக வந்தது. திருத்தியதையும் அதே பென்டிரைவில் ஒரு நகல் போட்டுக்கொண்டாள்.

இதுதான் சமயம், சூரியபிரகாஷின் வண்டவாளம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவளுக்குத் தெரியவில்லை. பாவம், வேலை மும்முரத்தில் பொது ஃபோல்டரில் புதுசை வைக்க மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். நல்ல சேதியை முதலில் அவரிடம்தானே சொல்ல வேண்டும்? போன் போட்டாள்.

"அண்ணா, ஓடிடுச்சுண்ணா! பொது ஃபோல்டர்ல இருக்கறது பழசுண்ணா, நீங்க மறந்துட்டீங்க போல. ஒங்க சிஸ்டத்துலேர்ந்து புதுசை எடுத்துப் போட்டேன், மூணு மாசப் பேஜாரு ஒரே நிமிஷத்துல போச்சு!"

அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. காது குத்திவிட்டார்கள் போல.

"தொடாதன்னு சொன்னேன் இல்ல?" என்றார் கடைசியில்.

"இல்லண்ணா, நான் வந்து..."

"ரஃபி சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. தொழுகைக்குக் கெளம்பிட்டாரு."

"சொல்லாத. நான் வந்து பேசிக்கறேன்."

வெள்ளிக்கிழமை என்பதால் சாப்பாட்டு இடைவேளை நீளம். ஃபேக்டரி பாதி காலியாகிவிடும். எழில் டிபன் பையை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். போகும்போது பென்டிரைவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். எதையும் யோசித்துச் செய்யவில்லை. லைனில் எழுந்து போகிறவள் தன் நூல் வெட்டும் கத்தரியை மெஷின்மேல் விட்டுப் போக மாட்டாள். விட்டால் திரும்ப வரும்போது இருக்காது. அந்தப் பழக்கம்.

அவர் ஏன் சந்தோஷப்படவில்லை என்பது மட்டும் சோற்றில் கல்லாக நெருடிக்கொண்டே இருந்தது. விசேஷ வீட்டில் ஆயிரம் தலைவலி இருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தாள். சிவப்பு வரி.

'அளவு' இருந்த இடத்தில் ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அவள் திருத்தி வைத்திருந்ததும் இல்லை. எல்லாம் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. திரையின் வலது மூலையில் ஒரு சின்னச் செய்தி மட்டும், யாரும் மூடாததால், அப்படியே நின்றுகொண்டிருந்தது. சூரியபிரகாஷின் பெயர். தொலைதூர இணைப்பு முடிந்தது. நன்றி.

நன்றியாம்!

எழில் அதை முறைத்துப் பார்த்தாள். மகளுக்குக் காது குத்தி, சந்தனம் காயாத கையோடு, அந்த மனுஷன் ஒரு மூலையில் உட்கார்ந்து போனிலேயே நுழைந்து, இவள் மூன்று மாதத்தைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆமாம், இனிமேல் அவர் இவர் எல்லாம் கிடையாது. அவன்தான்.

வெளியூர் ஏஜென்டுக்கு சாம்பிள் அனுப்பும்போது ஒற்றைக் கால் ஷூவைத்தான் அனுப்புவார்கள். வலது மட்டும் போகும். இடது இங்கேயே இருக்கும். வழியில் எவன் கையில் கிடைத்தாலும் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. அவன் அவளுக்குக் கொடுத்ததும் ஒற்றைக் கால்தான். கொடுத்துவிட்டு, நடக்கத் தெரியவில்லையே உனக்கு என்று மூன்று மாதம் உச்சுக் கொட்டியிருக்கிறான். அவளும் நொண்டிக்கொண்டே, தப்பு என் காலில்தான் என்று நம்பியிருக்கிறாள். மக்கன்பேடா வேறு வாங்கிக் கொடுத்தாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையில் மட்டும் கிடைத்திருந்தால் அந்தப் பாக்கெட்டை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பாள்.

முதலில் நெட் வயரைப் பிடுங்கினாள். வைஃபையை அணைத்தாள். அவன் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரை வேரோடு நீக்கினாள். பிறகு டிபன் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகினாள்.

சனிக்கிழமை காலை அவன் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தான். மேசைமேல் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் மடித்து வைத்திருந்தது. "எடுத்துக்க எழில், கோயில் பிரசாதம்" என்றான், நேற்று எதுவுமே நடக்காத மாதிரி.

எழில் அதைத் தொடவில்லை. "ஏண்ணா இப்டி பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்?"

"என் சிஸ்டத்துக்குள்ள நொழஞ்சு அழிச்சீங்களே. அந்தப் பசங்க ரெண்டு பேரையும் இப்டித்தான் ஓட்டினீங்களா?"

அவன் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "ஒனக்குப் புரியாது. ராத்திரி பகல் பாக்காம கட்டுனது நானு. இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிட்டா அப்புறம் நான் எதுக்கு? நாளைக்கே கம்மி சம்பளத்துக்கு ஆள் இருக்குது, நீ போய்ட்டு வாப்பான்னுடுவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குது எழில்."

பொய் இல்லை அது. அப்படி அனுப்பப்பட்டவர்களை எழிலும் பார்த்திருக்கிறாள். அதனாலேயே இன்னும் வலித்தது. "சரி. யாரும் வரக் கூடாதுன்னா, என்னை ஏன் கூப்ட்டீங்க? நீங்களேதானே கீழ வந்து, எம்பேரைச் சொல்லிக் கூப்ட்டீங்க? நான் கேட்டேனா ஒங்களை?"

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பதில் வருவதற்குள் ரஃபி அகமது உள்ளே வந்துவிட்டார்.

எழில் லேப்டாப்பைத் திருப்பி வைத்து ஓட்டிக் காட்டினாள். ஒரு டிக்கெட் அடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கலர் பெயரை முழுசாகப் படித்தார். "ஷாபாஷ்!" என்றார்.

"போன வாரம்தான் சார், கூட ஒக்காந்து சரி பண்ணிக் குடுத்தேன். புடிச்சிக்கிச்சு" என்றான் சூரியபிரகாஷ். முகத்தில் அண்ணன் சிரிப்பு. கூசவே இல்லை அவனுக்கு.

"இல்ல சார்" என்றாள் எழில். "இவர் லீவுல இருந்தப்ப நேத்து நானே பண்ணேன். பொது ஃபோல்டர்ல இருந்தது ஓடாத பழசு. அந்தப் பசங்களுக்கும் அதான் ஓடல. இப்ப புதுசை அங்க வெச்சிட்டேன். இனிமே யார் வந்தாலும் ஓடும்."

ரஃபி சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அன்று கன்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்தது. "யார் பண்ணா இன்னாம்மா, ஓடுதில்ல? ரெண்டு பேரும் சண்டை போடாம வேலையைப் பாருங்க. நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். மூன்று மாதம் அவள் ஏங்கியது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். வந்தது, போய்விட்டது. சர்க்கரைப் பொங்கல் மேசையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு வேளையில் லைனுக்கு இறங்கினாள். சேதி அவளுக்கு முன்னால் வந்திருந்தது. நசீமுன்னிசா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"மேலயே இருக்க சொல்ட்டாராமே! அல்லா ஒன்னை நல்லா வெக்கட்டும். அப்ப ஒம் மெஷினை இனிமே வேற ஆளுக்குக் குடுக்கலாம் இல்ல? ஒரு புதுப் பொண்ணு வந்திருக்குது, பர்னாம்பட்டு பக்கம்."

எழில் தன் பழைய மெஷினைப் பார்த்தாள். அது இன்னும் காலியாகவே இருந்தது. "சூரியாண்ணன் இதை யாருக்கும் குடுக்காதீங்கன்னு எப்பக்கா சொன்னாரு? நான் முடியலன்னு ஒங்ககிட்ட வந்து அழுதப்பவா?"

"அய்ய, அதுக்கெல்லாம் முந்தி. ஒன்னைக் கூப்புட வந்துச்சே, அன்னிக்கி. ஒங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே எங்கிட்டதான் வந்துச்சு. இந்தப் பொண்ணை மேல இட்டுனு போறேங்க்கா, மூணு மாசத்துல திரும்பி வந்துரும், மெஷினை யாருக்கும் குடுத்துறாதீங்க, லைன் பொண்ணுதானே, வரலன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னுச்சு. அப்பறந்தான் ஒங்கிட்ட போய் எழில்னு கூப்டுச்சு."

மாடியில் அவனிடம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மூன்றாவது இன்ஜினியரும் தோற்றால் எவனாவது சந்தேகப்படுவான். லைனிலிருந்து வந்த பெண் தோற்றால் எவன் சந்தேகப்படப் போகிறான்? அதற்குத்தான் அவளைத் தேடிப் பிடித்திருக்கிறான். தோற்பாள் என்று நம்பி, திரும்பி வந்து உட்கார ஸ்டூலையும் ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அழிந்த ஃபைல்களைப் பென்டிரைவிலிருந்து திரும்ப எடுத்துவிட்டாள். எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தை இனி எங்கிருந்து எடுப்பாள்?

அவள் ஸ்டூல்மேலிருந்த துணி மெத்தையை எடுத்து உதறினாள். கண்ணீர் நிற்கவே இல்லை.

"நல்ல சேதிக்கு இன்னாத்துக்குடி அழுவுற?" என்று நசீமுன்னிசா அவள் முதுகைத் தடவினாள். "போ, போய் அந்தத் தம்பிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் குடு. அது மட்டும் இல்லன்னா நீ மேல போயிருப்பியா?"

"குடுத்துட்டேங்க்கா. மக்கன்பேடா" என்றாள் எழில். மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அந்தப் புதுப் பொண்ணு பேர் இன்னாக்கா?"

"வஜீதா. ஏன்?"

"நம்பரைச் சொல்லிக் கூப்டாதீங்க. பேரைச் சொல்லியே கூப்டுங்க. கூப்ட்டு, இங்க ஒக்காரச் சொல்லுங்க."